கேசட்டில் பதிந்த வானம்

1980-களில் டப்ளினில் ஒலிபரப்பான சன்ஷைன் ரேடியோவின் பழைய கேசட் ஒன்று கையில் கிடைத்தால், அது பகலில் பதிந்ததா இரவில் பதிந்ததா என்பதை அட்டையைப் பார்க்காமலே ஊகித்துவிடலாம். இரவுப் பதிவு என்றால் பாட்டுக்கு அடியில் விடாமல் ஒரு விசில் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. மெல்லிய விசில்தான். ஆனால் ஒருமுறை காதில் பட்டுவிட்டால், பிறகு அதை ஒதுக்கிவிட்டுப் பாட்டை மட்டும் கேட்பது கடினம்.

சன்ஷைன் தன் தொடக்க காலத்தில் மீடியம் வேவில் 539 கிலோ ஹெர்ட்ஸில் ஒலிபரப்பியது. பல நாடுகள் கூடிப் போட்ட ஜெனீவா திட்டப்படி, 1978 நவம்பர் 23 முதல் மீடியம் வேவ் நிலையங்கள் 9-ன் மடங்கான எண்களில்தான் நிற்க வேண்டும்: 531, 540, 549 என்று. 539 அந்த வரிசையில் சேராத எண். உரிமம் இல்லாத நிலையம் என்பதால் சன்ஷைனுக்கு யாரும் எண் ஒதுக்கவில்லை. அதுவே ஓர் இடத்தைப் பார்த்து நின்றுகொண்டது. இருட்டியதும், ஐரோப்பாவில் 540-ல் ஒலிபரப்பும் நிலையத்தின் அலை வானில் பட்டுத் திரும்பி டப்ளின்மேல் விழும். ரேடியோப் பெட்டிக்குள் இரண்டு அலைகளும் சேரும்போது, அவற்றுக்கு இடையிலான வித்தியாசம் ஒலியாக வெளிவருகிறது. 540-லிருந்து 539 போனால் 1 கிலோ ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 1,000 அதிர்வு. சுருதி சேராத இரண்டு தம்புராத் தந்திகளுக்கு நடுவே எழும் அலைவும் இதே வகைதான். இங்கே வேகம் மிக அதிகம் என்பதால், அலைவாக இல்லாமல் தனி ஸ்வரமாகவே கேட்கிறது.

இந்த ஸ்வரத்தை அளக்க முடியும். உரிமம் பெற்ற பெரிய நிலையங்கள் தங்கள் அலைவரிசையிலிருந்து சில ஹெர்ட்ஸ்கூட விலகாமல் நிற்பவை. ஆகவே பதிவில் விசில் 1,000-க்குப் பதிலாக 1,040 அதிர்வு என்று இருந்தால், டப்ளின் நிலையம் அன்றிரவு 538.96-ல் நின்றது என்று பொருள். எந்த அரசுப் பதிவேட்டிலும் எழுதப்படாத ஓர் எண்ணை, வெளிநாட்டு நிலையத்தை அளவுகோலாக வைத்து நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு கேசட்டிலிருந்து எடுத்துவிடலாம். அந்தக் காலத்தில் கேட்டவர்களுக்கு அந்த விசில் தொல்லையாகத்தான் இருந்திருக்கும். இன்று அது ஆவணம். அயர்லாந்தின் பைரேட், அதாவது உரிமமற்ற, வானொலிகளின் பதிவுகள் என்னை ஈர்ப்பது இதனால்தான். அவற்றில் பழுது என்று நாம் ஒதுக்கும் ஒவ்வொன்றும் எதையோ சொல்கிறது. அந்த நிலையங்களைப் பற்றி அதை வேறு யாரும் எழுதி வைக்கவில்லை.

ஏன் எழுதி வைக்கவில்லை என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அயர்லாந்தின் முதல் அரசு வானொலி நிலையம், 2ஆர்என், 1926 ஜனவரி 1 அன்று டப்ளினில் தொடங்கியது. அதே ஆண்டு வந்த கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமமின்றி ஒலிபரப்புவதைக் குற்றமாக்கியது. அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டில் வானொலி என்றால் அரசு வானொலிதான். 1966 முதல் அதன் பெயர் ஆர்டிஇ. அறுபதுகளின் பாப் இசைக்கு அதில் இடம் மிகக் குறைவு. இளைஞர்கள் இரவானால் 208 மீட்டரில் ரேடியோ லக்ஸம்பர்க்கைத் தேடிப் பிடித்தார்கள். அது ஏறி இறங்கி, மங்கி, மறுபடி தெளிந்து வரும். அந்த மங்கலைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

1964-ல் பிரிட்டனைக் கலக்கிய ரேடியோ கரோலினின் கப்பல்கூட அயர்லாந்தில் தயாரானதுதான். அதை உருவாக்கிய ரோனன் ஓ'ராஹிலியின் குடும்பத்துக்கு லவுத் மாவட்டத்தில் கிரீனோர் என்ற சிறு துறைமுகம் சொந்தம். பழைய பயணக் கப்பல் ஒன்றுக்கு அங்கேதான் ஒலிபரப்புக் கம்பம் நட்டார்கள். அந்த ஆண்டு ஈஸ்டர் வாரத்தில் கப்பல் இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால், பிரிட்டிஷ் சட்டம் எட்டாத கடலில் நங்கூரமிட்டுப் பாட ஆரம்பித்தது.

அயர்லாந்துக்குள் நடந்த கதைக்குக் கப்பலே தேவைப்படவில்லை. 1926-ன் சட்டம் விதித்த அபராதம் சிறு தொகை. காலம் போகப் போக அது இன்னும் சிறுத்துவிட்டது. அதிகாரிகள் வந்து கருவிகளைத் தூக்கிப் போனால், வேறு கருவி வாங்கி மறுபடி தொடங்கினார்கள். எழுபதுகளில் வீட்டு மாடிகளிலும் கொல்லைக் கொட்டகைகளிலும் இருந்த நிலையங்கள் எண்பதுகளில் பகிரங்கமாகவே வெளியே வந்தன. 1980-ல் போர்ட்மார்னக் கடற்கரையில் சேண்ட்ஸ் ஓட்டலில் சன்ஷைன் தொடங்கியது. நடத்தியவர் கரோலின் கப்பலில் பேசிப் பழகிய ராபி டேல். மறு ஆண்டு கிறிஸ் கேரி ரேடியோ நோவாவைத் தொடங்கினார். அவரும் கரோலின் கப்பலில் இருந்தவர். நோவாவின் ஸ்டுடியோ டப்ளின் நகரின் நடுவே ஹெர்பர்ட் தெருவில் இருந்தது. சட்டப்படி இருக்கவே கூடாத அந்த நிறுவனங்களுக்கு முகவரி, தொலைபேசி எண், விளம்பரப் பிரிவு எல்லாம் இருந்தன; சம்பளம் வாங்கும் செய்தியாளர்களும் இருந்தார்கள்.

1983 மே 18 அன்று அதிகாரிகளும் காவல்துறையினரும் நோவாவுக்குள் நுழைந்து கருவிகளை அள்ளிச் சென்றார்கள், மறுநாள் சன்ஷைன். நகரத்து இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். இரண்டு நிலையங்களும் விரைவிலேயே மறுபடி ஒலித்தன. அரசின் பக்கத்திலும் அசைவு இல்லாமல் இல்லை. பாப் இசைக்கென்று ஆர்டிஇ 1979 மே 31 அன்று 'ரேடியோ 2'வைத் தொடங்கியதே எழுபதுகளின் உரிமமற்ற நிலையங்கள் கொடுத்த நெருக்கடியால்தான்.

எல்லாம் பாப் பாட்டுக்காக நடந்ததும் அல்ல. 1970 ஈஸ்டரின்போது மேற்குக் கரையில் கானமாராவில், ஐரிஷ் மொழி பேசும் இளைஞர்கள் 'சயர் ரேடியோ கானமாரா' என்ற உரிமமற்ற நிலையத்தைச் சில நாட்கள் நடத்தினார்கள். தங்கள் மொழிக்கு வானொலி இல்லை என்ற கோபம் அது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1972 ஏப்ரல் 2 அன்று, அரசே ஐரிஷ் மொழிக்கான 'ரேடியோ நா கேல்டக்ட்'டைத் தொடங்கியது. இந்த வரலாற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான். ஒரு சிறு ஒலிபரப்புக் கருவி ஒரு மொழிக்கு வானொலி வாங்கித் தந்திருக்கிறது.

இத்தனை நடந்தும் தாளில் மிச்சம் குறைவு. உரிமம் இல்லாததால் உரிம ஆவணமும் இல்லை. எந்த அலைவரிசை, எத்தனை வாட் சக்தி, எங்கே கம்பம் என்று அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. நிலையங்கள் தங்கள் நிகழ்ச்சிகளைப் பாதுகாத்ததும் அரிது; நாடாவுக்குக் காசு, அதனால் பழையதன்மேலேயே புதியதைப் பதிந்தார்கள். இன்று நம்மிடம் இருப்பதில் பெரும்பகுதி கேட்டவர்கள் தங்கள் வீட்டில் பதிந்தது. பிடித்த அறிவிப்பாளருக்காகச் சிலர் பதிந்தார்கள், புதுப் பாட்டுக்காகச் சிலர். வானொலியே பித்தாகத் திரிந்தவர்கள் பிரிட்டனிலிருந்து கப்பலேறி டப்ளினுக்கு வந்து, விடுதி அறையில் உட்கார்ந்து, ரேடியோ முள்ளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்லத் திருப்பியபடி வழியில் அகப்பட்ட எல்லாவற்றையும் பதிந்துகொண்டு போனார்கள். ஒரு நகரத்தின் ஒரு மணி நேர வானம் முழுவதும் அப்படியொரு கேசட்டில் அடங்கியிருக்கும். இத்தகைய பதிவுகளும் காகிதங்களும் சேர்ந்த ஐரிஷ் பைரேட் வானொலி ஆவணத் தொகுப்பு ஒன்று இப்போது டப்ளின் நகரப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. கேசட்டுகளைத் திரட்டி, கேட்டு, தேதி கண்டுபிடித்து, பொதுவில் வைக்கும் ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

தேதி கண்டுபிடிப்பதுதான் கடினமான வேலை. அட்டையில் 'நோவா' என்று மட்டும் எழுதியிருக்கும். பாட்டு, செய்தி, விளம்பரம் ஆகியவற்றைக் கொண்டு ஆண்டைக் கண்டுபிடிக்கலாம், மாதம்கூடச் சொல்லலாம். செய்தியும் விளம்பரமும் இல்லாத நாடாவில், பின்னணியில் இருக்கும் வானத்தைத்தான் கேட்க வேண்டும்.

மீடியம் வேவ் பகலில் ஒரு விதமாகவும் இரவில் வேறு விதமாகவும் பயணம் செய்யும். பகலில் அது தரையை ஒட்டிப் போகிறது. ஈரமில்லாத பாறை நிலம் அதன் சக்தியை வேகமாக உறிஞ்சிவிடும். டப்ளினுக்குத் தெற்கே இருக்கும் விக்லோ மலைகள் கிரானைட். கடல் அதற்கு நேர் எதிர். உப்புநீர் மின்சாரத்தை வறண்ட நிலத்தைவிடப் பல நூறு மடங்கு நன்றாகக் கடத்தும் என்பதால், அதன்மேல் அலை அதிகம் தேயாமல் நெடுந்தூரம் போகிறது. டப்ளின் நிலையங்களைப் பட்டப்பகலில் வேல்ஸ் கரையிலும் லிவர்பூல் பக்கத்திலும் கேட்க முடிந்ததற்கு ஐரிஷ் கடல்தான் காரணம். உள்நாட்டில் அதே தொலைவில் இருக்கும் ஊரில் அவ்வளவு தெளிவு கிடைக்காது.

அலையின் ஒரு பகுதி மேலேயும் போகிறது. அங்கே சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலத்தின் அடி அடுக்கான டி அடுக்கு இருக்கிறது. சூரிய ஒளி அங்குள்ள காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுப்பதால் உருவாவது அது. அந்த உயரத்தில் காற்று இன்னும் ஓரளவு அடர்த்தியாகவே இருப்பதால், அலையால் ஆட்டுவிக்கப்படும் எலக்ட்ரான்கள் அடிக்கடி மற்ற அணுக்களில் மோதி, வாங்கிய ஆற்றலை வெப்பமாக இழந்துவிடுகின்றன. மேலே போன அலை அங்கேயே கரைந்துவிடும். சூரியன் மறைந்ததும் எலக்ட்ரான்கள் திரும்பப் போய் ஒட்டிக்கொள்ள, டி அடுக்கு சிறிது நேரத்தில் கலைந்துவிடுகிறது. அதற்கு மேலே, 100 கிலோமீட்டரை ஒட்டியிருக்கும் அடுக்கு வரை அலைக்கு வழி திறக்கிறது. அந்த அடுக்கு அலையை வளைத்துப் பூமிக்குத் திருப்பி அனுப்பும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் நிலையம் திடீரென்று பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல் வந்து நிற்பது இப்படித்தான்.

டப்ளினில் டிசம்பர் நடுவில் மாலை 4:10-க்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூன் கடைசியில் இரவு 10 மணியைத் தொட்டுக்கொண்டு மறையும். இப்போது அறிவிப்பாளர் மாலை ஐந்து மணி என்று சொல்கிறார், பின்னணியில் அந்நிய மொழிப் பேச்சு ஏறிக்கொண்டு வருகிறது என்றால், அது குளிர்காலம். இரவு ஒன்பது மணி என்கிறார், பின்னணி சுத்தமாக இருக்கிறது என்றால், கோடையின் நடுப்பகுதி. பாட்டு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று தெரிந்துவிட்டால், ஆண்டின் எந்தப் பகுதி என்பதைச் சூரியனே சொல்லிவிடும். கேசட்டின் சொந்தக்காரர் பாட்டைப் பதிவதாகத்தான் நினைத்தார். அவருக்குத் தெரியாமலே அந்தி சாய்வதும் பதிவாகிவிட்டது.

லக்ஸம்பர்க்கின் மங்கல் இங்கே வருகிறது. வானிலிருந்து வரும் அலை ஒரே பாதையில் வருவதில்லை. அடுக்கின் உயரமும் அசைந்துகொண்டே இருக்கும். வெவ்வேறு பாதைகளில் வந்த அலைகள் முகட்டோடு முகடு சேர்ந்தால் ஒலி ஓங்கும், முகட்டோடு பள்ளம் சேர்ந்தால் மங்கும். நோவாவின் 819 கிலோ ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் சுமார் 366 மீட்டர். இரண்டு பாதைகளின் நீளத்தில் அதில் பாதி, 183 மீட்டர், வித்தியாசம் கூடினால் போதும். ஓங்கி வந்தது அடங்கிப் போகும். நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஒன்றுக்கு இது மிகச் சிறிய அசைவு. தரை அலையும் வான் அலையும் ஏறக்குறைய சம வலிமையோடு சந்திக்கும் இடத்தில், அதாவது நிலையத்திலிருந்து ஓரளவு தொலைவில், இந்த இழுபறி மிகக் கடுமையாக இருக்கும். பாட்டு கரகரத்து, குழைந்து, சில நொடி நீருக்குள் இறங்கியதுபோல் ஆகிவிடும். டப்ளினுக்குள்ளேயே பதிந்த நாடாவில் இது அவ்வளவாக இருக்காது. ஆகவே பதிந்தவர் நிலையத்துக்கு அருகில் இருந்தாரா, தள்ளி இருந்தாரா என்பதும் அந்தக் குழைவில் இருக்கிறது. 1924-ல் எட்வர்ட் ஆப்பிள்டன், மைல்ஸ் பார்னெட்டுடன் சேர்ந்து, தரை அலையும் வான் அலையும் சேர்ந்து உண்டாக்கும் இதே ஏற்ற இறக்கத்தை அளந்துதான் மேலே அலையைத் திருப்பும் அடுக்கு இருப்பதை நிரூபித்தார். போர்ன்மத் நகரின் பிபிசி ஒலிபரப்பியை அதற்குப் பயன்படுத்தினார்கள். 1947-ல் ஆப்பிள்டனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. எண்பதுகளின் கேசட்டுகள் அந்தச் சோதனையையே, யாரும் திட்டமிடாமல், ஆயிரம் முறை செய்து வைத்திருக்கின்றன.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டிருக்கும் பொருளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கேசட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின்மேல் இரும்பு ஆக்சைடுத் தூள் பூசியிருக்கும். ஒலி அதில் காந்தக் கோடுகளாகப் படிகிறது. ஒரு தாளத்தட்டின் கூர்மையில் இருக்கும் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியை எடுத்துக்கொண்டால், நாடாவில் அதன் ஓர் அலை பிடிக்கும் இடம் 4.76 மைக்ரோமீட்டர், ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்கு. அந்தக் கோடுகள் நாடாவின் நீளத்துக்குச் செங்குத்தாக நிற்கின்றன. திருப்பிக் கேட்கும்போது கேசட் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டும் அதே கோணத்தில் நிற்க வேண்டும். மோனோ பதிவின் தடம் 1.5 மில்லிமீட்டர் அகலம். ஹெட் 0.18 பாகை மட்டும் சாய்ந்திருந்தால், தடத்தின் ஒரு விளிம்புக்கும் மறு விளிம்புக்கும் சரியாக ஓர் அலை வித்தியாசம் வந்து, 10,000 ஹெர்ட்ஸ் ஒலி அடியோடு காணாமல் போய்விடும். கடிகார முகப்பில் நிமிட முள் ஒரு நிமிடத்தில் நகர்வது 6 பாகை என்பதை நினைத்துக்கொண்டால் 0.18 எவ்வளவு சிறியது என்று தெரியும்.

எனவே இந்த நாடாக்களை எண்ணிம வடிவத்துக்கு மாற்றுபவர்கள் செய்யும் முதல் காரியம் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பது. ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகாணியை நூலிழை நூலிழையாகத் திருப்பி, இரைச்சல் மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துகிறார்கள். பாட்டைக் கேட்டு நிறுத்துவதில்லை, இரைச்சலைக் கேட்டு. உயர்ந்த ஒலிகள் அதில்தான் எப்போதும் இருக்கின்றன. ஒவ்வொரு கேசட்டுக்கும் புதிதாகத் திருப்ப வேண்டும். 1982-ல் அதைப் பதிந்த டெக்கின் ஹெட் எவ்வளவு சாய்ந்திருந்ததோ அவ்வளவு இன்றைய ஹெட்டும் சாய வேண்டும். அதற்கு முன்பே, நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் துண்டுக் கம்பளி பசை காய்ந்து உதிர்ந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். உதிர்ந்திருந்தால் கேசட்டைப் பிரித்து, நாடாவை வேறு கூட்டுக்குள் மாற்றிய பிறகுதான் ஓட்டலாம். 120 நிமிடக் கேசட் என்றால் கூடுதல் பயம்: நிறைய நேரம் பதிய வேண்டும் என்பதற்காக நாடாவைச் சுமார் 9 மைக்ரோமீட்டர் வரை மெலிதாக்கியிருப்பார்கள். அது எளிதில் இழுபடும், சிக்கிக்கொள்ளும்.

அடுத்த கேள்வி வேகம். வீட்டு டெக்குகள் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு வேகமாகவோ மெதுவாகவோ ஓடுவது சாதாரணம். வேகம் தவறினால் சுருதி தவறும். முதலில் சொன்ன விசிலின் அளவும் தவறும், 538.96 என்று போட்ட கணக்கெல்லாம் வீணாகிவிடும். இங்கே கைகொடுப்பது மின்சாரத்தின் உறுமல். வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சியாக மாறி மாறிப் பாய்கிறது. மின் இணைப்பில் ஓடிய டெக்கானாலும் ரேடியோவானாலும் அந்த 50 ஹெர்ட்ஸ் உறுமல் கொஞ்சமாவது நாடாவில் கசிந்திருக்கும். இன்று சரியான வேகத்தில் ஓட்டும்போது அந்த உறுமல் 51 ஹெர்ட்ஸில் கேட்டால், அன்று நாடா நூற்றுக்கு இரண்டு பங்கு மெதுவாக ஓடியிருக்கிறது. அதற்கேற்ப வேகத்தைக் குறைத்து ஓட்டினால் பாட்டு தன் சுருதிக்கு வந்துவிடும்.

சில சமயம் வருவதில்லை. உறுமல் சரியாக 50-ல் நிற்கிறது, பாட்டு மட்டும் இசைத்தட்டில் இருப்பதைவிடச் சற்று வேகமாகவே ஓடுகிறது. அப்படியானால் வேகப்படுத்தியது நிலையம்தான். பாட்டுக்கு ஒரு துள்ளல் கூடட்டும் என்று இசைத்தட்டைச் சற்று வேகமாகச் சுழலவிடும் பழக்கம் அக்கால வானொலிகளில் உண்டு. டெக்கின் பிழை எது, நிலையத்தின் ரசனை எது என்று பிரித்துச் சொல்வது யாருக்கும் வேண்டாத அந்த உறுமல்தான்.

உறுமலுக்குள் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையிலேயே மிக அழகானது. கையால் கட்டிய ஒலிபரப்பியின் மின்வழங்கல் சுமாராக இருந்தால், அதன் உறுமல் ஒலிபரப்பிலேயே ஏறிவிடும். அது அயர்லாந்தின் மின்கட்டமைப்பிலிருந்து வந்த உறுமல். அந்த ஒலிபரப்பை வேல்ஸில் ஒருவர் பதிந்தால், அவர் டெக்கின் உறுமலும் சேரும். அது பிரிட்டனின் மின்கட்டமைப்பு. அந்த நாட்களில் இரண்டு தீவுகளின் மின்கட்டமைப்புகளுக்கும் இடையே இணைப்பு கிடையாது. அயர்லாந்துக் குடியரசை வட அயர்லாந்தோடு இணைத்த மின்பாதைகூட 1975-ல் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டு, 1995 வரை செயல்படாமல் கிடந்தது. தனித்தனிக் கட்டமைப்புகள் இரண்டும் எந்நேரமும் ஒரே 50-ல் நிற்பதில்லை, ஒன்று 49.95 என்றால் மற்றொன்று 50.03 என்று அலையும். இரண்டு உறுமல்களும் ஒரே நாடாவில் விழும்போது, அவை மெல்ல ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் துடிக்கும். நாடாவின் வேகம் எப்படி அலைந்தாலும் இரண்டும் சேர்ந்தே அலைவதால், அவற்றுக்கு இடையிலான விகிதம் கெடுவதில்லை. டப்ளினிலேயே பதிந்திருந்தால் இரண்டு உறுமலும் ஒரே கட்டமைப்பிலிருந்து வந்தவை, துடிப்பு இருக்காது. ஆக, பதிந்தவர் கடலுக்கு எந்தப் பக்கம் இருந்தார் என்பதைத் தரையைத் தொடும் தாழ்ந்த ஒலியைக் கவனித்தே சொல்லிவிட வழி இருக்கிறது. டெக் பேட்டரியில் ஓடியிருந்தால் மட்டும் இது நடக்காது.

இதையெல்லாம் அறிந்த பிறகு, பழைய பதிவுகளை 'சுத்தம்' செய்யும் மென்பொருள்களை அச்சத்தோடுதான் பார்க்கத் தோன்றுகிறது. இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் விசில் போய்விடும், உறுமல் போய்விடும், பின்னணியில் முணுமுணுக்கும் அந்நிய நிலையமும் போய்விடும். பாட்டு பளிச்சென்று கேட்கும். ஆனால் அந்தப் பாட்டு எந்தக் கடையிலும் கிடைக்கும். அதற்காக இந்தக் கேசட் வேண்டியதில்லை. இந்தக் கேசட்டில் மட்டும் இருந்தவைதான் அழிந்துபோனவை. ஒலி ஆவணக் காப்பகங்கள் இதில் தெளிவாக இருக்கின்றன. நாடாவில் இருப்பதை எதையும் கழிக்காமல், 24 பிட் ஆழத்தில், பெரும்பாலும் நொடிக்கு 96,000 மாதிரிகளாக எடுத்து அதையே மூலமாக வைக்க வேண்டும். மெருகேற்றுவதெல்லாம் தனிப் பிரதியில்தான். வீட்டில் கேசட்டை எம்பி3 ஆக மாற்றுபவர்கள் இதைப் பின்பற்றுவதில்லை என்பதுதான் வருத்தம். மனிதக் காதுக்குத் தேவையில்லை என்று எம்பி3 கழித்துக்கட்டும் நுண்ணிய ஒலிகளில் இந்தத் தடயங்கள் பல போய்விடும்.

கேட்க இனிமையானதை மட்டும் வைத்துக்கொள்ளும் ஆசை மென்பொருளோடு நிற்பதில்லை. எழுபதுகளில் பலருக்கும் வழிகாட்டியாக இருந்த ரேடியோ டப்ளினை நடத்தியவர், பின்னாளில் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்காகச் சிறைத் தண்டனை பெற்றார். அவருடைய குரலும் இந்த நாடாக்களில் இருக்கிறது. அந்தக் காலத்தை நினைத்து உருகுபவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட விரும்பலாம். ஆவணம் என்றால் அதுவும் இருக்கத்தான் வேண்டும். யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லாத ஒரு நிலையத்தில் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதும் இந்த வரலாற்றின் பகுதி.

1988-ல் சட்டம் மாறியது. ஒரு சட்டம் உரிமமற்ற நிலையங்களுக்கான தண்டனையைக் கடுமையாக்கி, அவற்றுக்கு இடமும் விளம்பரமும் கொடுப்பதையும் குற்றமாக்கியது. இன்னொன்று தனியார் வானொலிகளுக்கு உரிமம் வழங்க ஆணையம் ஒன்றை அமைத்தது. கெடு அந்த ஆண்டு டிசம்பர் 31 நள்ளிரவு. நோவா அதற்கு முன்பே, 1986 மார்ச்சில், மூடியிருந்தது. மற்றவை ஒவ்வொன்றாக விடைபெற்றன. வாட்டர்ஃபோர்டின் டபிள்யூஎல்ஆர் போன்ற சில, உரிமம் பெற்று மறு ஆண்டு சட்டப்படி திரும்பி வந்தன. எல்லாரும் எதிர்பார்த்த முடிவு என்பதால், இந்த வரலாற்றிலேயே மிக நன்றாகப் பதிவான நாட்கள் அவைதான். நாடெங்கும் டெக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. அறிவிப்பாளர்கள் அழுததும், கடைசிப் பாட்டும், ஒலிபரப்பியை அணைத்ததும் நாடாவில் இருக்கின்றன. அணைத்த மறுநொடி அதே அலைவரிசையில் என்ன வந்தது என்பதும் சில நாடாக்களில் உண்டு. உள்ளூர் நிலையம் மறைத்திருந்த இடத்தில் அதுவரை அமுங்கிக் கிடந்த தூரத்து நிலையம் ஒன்று மேலெழுந்து வரும். விடைபெறும் பேச்சுக்காகப் பதிந்த கேசட்டை அத்தோடு நிறுத்தாமல் ஓடவிட்டவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்த உள்ளூர் நிலையம் எவ்வளவு வலிமையோடு நின்றது என்பதை அந்த ஒப்பீடு காட்டுகிறது.

மீடியம் வேவ் பகுதியையே அயர்லாந்தின் அரசு வானொலி கைவிட்டுவிட்டது. ஆர்டிஇ தன் மீடியம் வேவ் ஒலிபரப்பை 2008 மார்ச்சில் நிறுத்தியது. நீளலை 252 கிலோ ஹெர்ட்ஸை 2023 ஏப்ரலில் நிறுத்தியது. எண்பதுகளில் டப்ளின் வானத்தில் நடந்ததை மறுபடி நடத்திப் பார்த்து அளப்பது இனி முடியாது. கேசட்டுகள்தான் மிச்சம், அவையும் அவசரத்துக்கு வளைந்து கொடுக்காது. 90 நிமிடக் கேசட்டை மாற்ற 90 நிமிடம் ஆகும். வேகமாக ஓட்டினால் மெல்லிய ஒலிகள் போய்விடும். நல்ல ஹெட் கொண்ட டெக்குகளை இப்போது அநேகமாக யாரும் தயாரிப்பதில்லை. பழையவற்றைப் பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டுகிறார்கள், ஒவ்வொரு மணி நேர ஓட்டத்திலும் அந்த ஹெட் கொஞ்சம் தேய்கிறது. அயர்லாந்திலும் பிரிட்டனிலும் பரண்களிலிருந்து கேசட் பெட்டிகள் இன்னமும் வந்துகொண்டிருக்கின்றன.